‘சிஸ்டம் குவார்ட்டர்பேக்’ என்றொரு வசை

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிய பேச்சில் இரண்டு வசைகள் நெடுங்காலமாகப் புழங்கிவருகின்றன. நன்றாக ஆடும் ஒரு குவார்ட்டர்பேக்கை ஒப்புக்கொள்ள மனமில்லாதபோது அவரை ‘சிஸ்டம் குவார்ட்டர்பேக்’ என்பார்கள். அவருக்கென்று தனித்திறன் ஏதுமில்லை, பயிற்சியாளர் வகுத்துத்தந்த அமைப்பே ஆடுகிறது, அவர் அதற்கு வாய்த்த ஒரு கை என்பது பொருள். மோசமாக ஆடுபவரை ‘பஸ்ட்’ என்பார்கள். பெரும் எதிர்பார்ப்போடு எடுக்கப்பட்டுப் பாழாய்ப்போனவர் என்று பொருள். இரண்டாவது வசையில் மட்டும் அமைப்பைப் பற்றிய பேச்சு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதுதான் என் கேள்வி. வென்றால் அமைப்பு வென்றது, தோற்றால் ஆள் தோற்றான். இந்த நியாயம் எந்தச் சபையில் எடுபடும்?

விளையாட்டில் இதெல்லாம் சகஜம்தானே என்று இலக்கிய நண்பர்கள் புன்னகைக்கக்கூடும். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு வடிவத்துக்கும் அதற்குள் இயங்கும் மனிதனுக்கும் இடையிலான உறவை இத்தனை வெளிப்படையாக, வாரந்தோறும், எண்களோடு காட்டக்கூடிய இன்னொரு துறையை நான் அறியேன். அதை இத்தனை பேர் இத்தனை பிழையாக வாசிப்பதையும் வேறெங்கும் கண்டதில்லை.

ஆட்டம் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். (காலுக்கு இவ்வளவு குறைவாக வேலை தரும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களைப் பற்றிப் பிறிதொரு சமயம் பேசலாம்.) அணிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்கூட்டியே வரையப்பட்ட ஒரு திட்டம் உண்டு. யார் எத்தனை கெஜம் ஓடி எப்பக்கம் திரும்புவது, யார் யாரை மறிப்பது, குவார்ட்டர்பேக் எத்தனை அடி பின்வாங்குவது, யாரை முதலில் பார்ப்பது, அவர் காவலில் சிக்கியிருந்தால் அடுத்து யாரை என்பதெல்லாம் அந்தத் திட்டத்திலேயே இருக்கும். 1994 முதல் என்.எஃப்.எல். ஆட்டங்களில் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒரு வானொலிக் கருவி உண்டு. பயிற்சியாளர் திட்டத்தை அதன் வழியே சொல்வார். ஆட்டத்தைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 வினாடிகள் எஞ்சும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பந்து கைக்கு வந்தபின் எறிபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வினாடிக்கும் குறைவு.

அந்த மூன்று வினாடியைத்தான் தொலைக்காட்சி காவியமாக்குகிறது. அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட வேலையை அது காட்டுவதில்லை. ஓர் எளிய உதாரணம் போதும். எதிரணியின் ஒரு காவலரைக் குறிவைத்து, அவருக்கு முன்னால் ஆறு கெஜத்தில் ஒருவரையும் பின்னால் பதினைந்து கெஜத்தில் இன்னொருவரையும் ஓடவிடுகிறார் திட்டம் வகுத்தவர். காவலர் முன்னே வந்தால் பின்னவர் தனித்து நிற்பார். பின்னே போனால் முன்னவர் கிடைப்பார். மைதானம் முழுவதையும் கண்ணால் அளக்கவேண்டிய குவார்ட்டர்பேக்குக்கு இப்போது பார்க்கவேண்டியது அந்த ஒற்றைக் காவலரின் இடுப்பு எப்பக்கம் திரும்புகிறது என்பதை மட்டுமே. பந்து கைக்கு வரும் முன்னர் ஒரு ஆட்டக்காரரைக் குறுக்கே ஓடவிட்டால், எதிரணியில் ஒருவர் அவரைத் தொடர்ந்து ஓடுகிறாரா நின்ற இடத்திலேயே நிற்கிறாரா என்பதை வைத்து அவர்கள் ஆளுக்கு ஆள் காவல் நிற்கிறார்களா, பகுதி பிரித்துக் காவல் நிற்கிறார்களா என்பதை ஊகித்துவிடலாம். பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோலப் பாவனை செய்தால் நடுவரிசைக் காவலர்கள் இரண்டடி முன்னே வருவார்கள். அந்த இரண்டடிதான் எறிவதற்கான சன்னல். நல்ல திட்டம் கேள்வியையே எளிதாக்கித் தருகிறது. மோசமான திட்டம் அதே மனிதரிடம் அதே மூன்று வினாடியில் நான்கு கடினமான கேள்விகளைக் கேட்கிறது. பிறகு இருவரின் விடைத்தாளையும் ஒரே மதிப்பெண் முறையில் திருத்துகிறோம்.

அந்த மதிப்பெண் முறைக்குப் பெயர் ‘பாஸர் ரேட்டிங்’. 1973-இல் என்.எஃப்.எல். ஏற்றுக்கொண்டது. எறிந்தவற்றில் பிடிபட்டவை, எறிவுக்கு எத்தனை கெஜம், எத்தனை டச்டவுன், எதிரணி பறித்துக்கொண்டவை எத்தனை என்ற நான்கையும் கூட்டிப் பெருக்கி 158.3 என்ற வினோதமான முழு மதிப்பெண்ணுக்குள் ஒருவரை அடைக்கும் சூத்திரம். இரண்டு கெஜத்துக்கு எறியப்பட்ட பந்தைப் பிடித்தவர் அறுபது கெஜம் ஓடினால், அறுபத்திரண்டும் எறிந்தவர் கணக்கில் சேரும். பிடிப்பவர் கைதவறிப் பந்து மேலே தெறித்து எதிரி பிடித்தால் அந்தப் பழியும் எறிந்தவருக்கே. அவரை மறைத்து நின்ற ஐவரும், திட்டத்தை வரைந்தவரும் இந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை. பதினொரு பேரின் வரவுசெலவை ஒருவர் பெயரில் எழுதிவிட்டு, அதை அவருடைய குணநலன் என்று நம்புகிறோம்.

அமைப்பு என்பது பலவீனரின் ஊன்றுகோல் என்று சொல்பவர்கள் பில் வால்ஷின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். ஊன்றுகோலாகத்தான் அது பிறந்தது. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் 1969-இல் கிரெக் குக் என்ற இளைஞர் வந்தார். நெடுந்தொலைவுக்கு எறியும் அபாரமான கை. முதல் பருவத்திலேயே தோளில் காயம்பட்டு அந்தக் கை போயிற்று. 1970-இல் அந்த இடத்துக்கு வந்த வர்ஜில் கார்ட்டருக்கு அவ்வளவு வலுவான கை கிடையாது. அறிவும் குறிதவறாமையும் உண்டு. அப்போது அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்த வால்ஷ், இல்லாத கையை நினைத்துப் புலம்பாமல், இருக்கிற கைக்கேற்ப ஆட்டத்தை மாற்றி எழுதினார். பந்தை நெடுக்காக அனுப்புவதைக் குறைத்து, மைதானத்தின் அகலத்தைப் பயன்படுத்தும் குறுகிய, நேரம் தப்பாத எறிவுகளை வகுத்தார். குவார்ட்டர்பேக் பின்வைக்கும் அடிகளின் எண்ணிக்கை பிடிப்பவரின் ஓட்டத்தோடு தாளம்போலப் பொருந்தவேண்டும். அவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டிருக்கவேண்டும். 1971-இல் எறிந்தவற்றில் பிடிபட்டவற்றின் விகிதத்தில் கார்ட்டர் 62.2 சதவீதத்துடன் என்.எஃப்.எல்.லில் முதலிடம் பெற்றார். ‘வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்’ என்று பின்னாளில் புகழ்பெற்ற முறையின் வேர் ஓகையோவில், ஒரு மனிதரின் குறையில் இருக்கிறது.

1979-இல் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அங்கே இருந்தவர் ஸ்டீவ் டிபெர்க். முந்திய ஆண்டில் அவர் எறிந்தவற்றில் பாதிகூடப் பிடிபடவில்லை, 45 சதவீதம்தான். வால்ஷ் வந்த முதல் பருவத்தில் அது 60 சதவீதமாயிற்று. 347 எறிவுகள் பிடிபட்டன, அது அன்றைய என்.எஃப்.எல். சாதனை. ஒரே மனிதர், ஒரே கை, இடையில் மாறியது வரைபடம். ஆனால் அணி 1978-இலும் 14 ஆட்டங்களில் தோற்றது, 1979-இலும் 14 ஆட்டங்களில் தோற்றது. டிபெர்க் அந்தப் பருவத்தில் 21 முறை பந்தை எதிரணிக்குப் பறிகொடுத்தார். அமைப்பு அவரை எங்குவரை தூக்கிவிட முடிந்தது, எங்கே கைவிட்டது என்பது இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கியிருக்கிறது.

அவரிடமிருந்து இடத்தைப் பெற்றவர் ஜோ மொன்டானா. 1979 டிராஃப்டில் மூன்றாவது சுற்றில் 82-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 1982 ஜனவரி 10 அன்று டல்லாஸ் கௌபாய்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் எஞ்சியிருந்தபோது, மூவர் துரத்த வலப்பக்கமாக ஓடிக்கொண்டே அவர் எறிந்த பந்தை டுவைட் கிளார்க் எட்டிப்பிடித்த காட்சியை அமெரிக்கா ‘தி கேட்ச்’ என்று கொண்டாடுகிறது. தனிமனித அற்புதம் என்பதற்கு அதைத்தான் சான்று காட்டுவார்கள். அந்த முயற்சிக்கு ‘ஸ்பிரின்ட் ரைட் ஆப்ஷன்’ என்று பெயர் இருந்தது. அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் அதே திட்டத்தில்தான் ஃபிரெடி சாலமன் ஒரு டச்டவுன் எடுத்திருந்தார். இரண்டாம் முறையும் முதல் இலக்கு சாலமன்தான். அவர் வழுக்கிவிட்டார். கிளார்க் இரண்டாவது இலக்கு. கோட்டுக்கு அப்பால் பின்வரிசையை ஒட்டி அவர் வலப்பக்கம் வரவேண்டும் என்பதும், அவர் கிடைக்காவிட்டால் பந்தை வெளியே எறிந்துவிடவேண்டும் என்பதும் முன்பே தீர்மானமானவை. அந்த எறிவின் பெருமை இதனால் குறைந்துவிட்டதா? துளியும் இல்லை. துரத்துபவர்களின் கைகளுக்கு மேலே, கிளார்க்கின் விரல்களுக்கு மட்டும் எட்டுமாறு பந்தை அனுப்பியது வரைபடம் அல்ல. ஆனால் அங்கே கிளார்க் வருவார் என்பதை மொன்டானா அறிந்திருந்தது வரைபடத்தால்.

வெண்பா எழுதுகிறவனை நாம் ‘யாப்புக் கவிஞன்’ என்று ஏளனம் செய்வதில்லை. தளை தட்டாமல் ஈற்றடிக்கு வந்துசேர்வதை அவனுடைய வெற்றி என்றுதான் சொல்கிறோம். தளை மட்டும் தட்டாமல் உயிரின்றிக் கிடக்கும் ஆயிரம் வெண்பாக்களையும் நாம் அறிவோம். பிராக் பர்டி விஷயத்தில் மட்டும் இந்த எளிய அறிவு ஏன் மறந்துபோகிறது? 2022 டிராஃப்டில் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர் அவர். 2023 பருவத்தில் கைல் ஷானஹனின் திட்டங்களில் ஆடி 4280 கெஜமும் 31 டச்டவுனும் எறிந்து பாஸர் ரேட்டிங்கில் முதலிடம் பிடித்தார். உடனே ஒரு பட்டிமன்றம் கூடிவிட்டது. முன்னாள் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன், பர்டியைப் போன்றவர்கள் ஆட்டத்தை நிர்வகிப்பவர்களே, மாற்றுபவர்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தார். அந்தத் திட்டங்களில் எவர் நின்றாலும் இதைச் செய்துவிடுவார் என்பது இந்தத் தரப்பின் வாதம்.

அப்படியானால் மாட் ரையனை என்ன செய்வது? அட்லாண்டா ஃபால்கன்ஸில் 2015-இல் இதே ஷானஹன் திட்டம் வகுக்கத் தொடங்கினார். ரையன் அப்போது புதியவர் அல்லர், எட்டாவது பருவம். அந்த ஆண்டில் 21 டச்டவுன், 16 பறிகொடுத்தல். மறுஆண்டு, அதே திட்டக்காரரின் கீழ், 38 டச்டவுன், 7 பறிகொடுத்தல், பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது. 2016-இல் பந்தை எடுத்துத் தரும் இடத்துக்கு அலெக்ஸ் மாக் போன்ற தேர்ந்தவர் வந்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்தான். ஆனாலும் அமைப்பு தானே ஆடிவிடும் என்றால் முதல் ஆண்டிலேயே ஆடியிருக்கவேண்டும். ஒரு மொழியைப் போல அதைக் கற்கவேண்டியிருக்கிறது. முதலாண்டில் இலக்கணத்தை நினைத்து நினைத்துப் பேசுகிறவன் மறுஆண்டில் சரளமாகப் பேசுகிறான். அந்தச் சரளம் அவனுடையது.

இனி நான் கோபப்படுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். 2005 டிராஃப்டின் முதல் ஆள் அலெக்ஸ் ஸ்மித். அன்று அவருக்கு 21 வயது நிரம்பவில்லை. கல்லூரியில் விரிந்த அமைப்பில் ஆடிப் பழகியவர். 49ஏர்ஸ் அவரை எடுத்தது. முதல் பருவத்தில் ஒரு டச்டவுன், 11 பறிகொடுத்தல். அந்த ஆண்டு தாக்குதல் திட்டங்களை வகுத்தவர் மைக் மெக்கார்த்தி. 2006-இல் நார்வ் டர்னர். 2007-இல் ஜிம் ஹாஸ்ட்லர். 2008-இல் மைக் மார்ட்ஸ், ஆனால் ஸ்மித் தோள் காயத்தால் அந்தப் பருவம் முழுக்க வெளியே. 2009-இல் ஜிம்மி ரே. 2010-இல் அவரைப் பருவத்தின் நடுவே நீக்கிவிட்டு மைக் ஜான்சன். ஒவ்வொருவருக்கும் ஒரு கலைச்சொல் தொகுதி, ஒரு பின்வாங்கும் கணக்கு, எவரை முதலில் பார்ப்பது என்பதில் ஒரு வரிசை. ஆண்டுதோறும் ஒரு புதிய மொழியைக் கற்பித்து, ஆண்டிறுதியில் அந்த மொழியில் ஏன் காவியம் எழுதவில்லை என்று கேட்டார்கள். பார்வையாளர்கள் கூச்சலிட்டு இழிவுபடுத்தினார்கள், பத்திரிகைகள் பஸ்ட் என்று எழுதின.

அதே டிராஃப்டில் ஸ்மித்துக்கு எதிராக எடைபோடப்பட்டு, 24-ஆவது இடம்வரை காத்திருக்க நேர்ந்தவர் ஆரன் ராஜர்ஸ். கிரீன் பே பேக்கர்ஸ் அவரை எடுத்து மூன்று ஆண்டுகள் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் உட்காரவைத்துக் கற்கவிட்டது. 2006-இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் யார் என்று பாருங்கள்: ஸ்மித்தை ஓர் ஆண்டில் விட்டுப்போன அதே மெக்கார்த்தி. 2018 வரை அவர் அங்கேயே இருந்தார். ராஜர்ஸ் 2011 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்றார். ராஜர்ஸின் கை ஸ்மித்தின் கையைவிடச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் கேட்பது, அந்த வித்தியாசம் மட்டும்தானா இத்தனை பெரிய இடைவெளி என்பது. 2011-இல் ஜிம் ஹார்பா வந்து ஸ்மித்துக்கு ஓர் உறுதியான அமைப்பைத் தந்தபோது அணி 13 ஆட்டங்களில் வென்று மூன்றில்தான் தோற்றது. அவர் பறிகொடுத்தது பருவம் முழுக்க ஐந்தே முறை. 2017-இல், கான்சாஸ் சிட்டியில் ஆண்டி ரீடின் கீழ் ஐந்தாவது தொடர் பருவத்தில், பாஸர் ரேட்டிங்கில் என்.எஃப்.எல்.லின் முதல்வராக அவர் இருந்தார். பஸ்ட் என்று எழுதிய பேனாக்களில் எத்தனை இதைப் பற்றி எழுதின? அப்போது அவருக்குப் புதிய பட்டம் தயாராக இருந்தது. சிஸ்டம் குவார்ட்டர்பேக்.

ஜாரெட் கோஃபின் கதை இதன் மறுபதிப்பு. 2016-இல் முதல் ஆளாக ராம்ஸ் அணிக்கு வந்து, ஜெஃப் ஃபிஷரின் காலங்கடந்த ஆட்டமுறையில் ஏழு ஆட்டங்களைத் தொடங்கி ஏழிலும் தோற்றார். அந்த அணி ஆட்டத்துக்கு 14 புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் இருந்தது. 2017-இல் முப்பது வயதில் ஷான் மக்வே பயிற்சியாளரானார். அணி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 30 புள்ளி எடுத்து முதலிடம் சென்றது. கோஃப் 28 டச்டவுன், 7 பறிகொடுத்தல். மறிப்பவர்களும் பிடிப்பவர்களும் மேம்பட்டிருந்தார்கள், உண்மை. அடுத்த பருவத்தின் முடிவில், 2019 பிப்ரவரி சூப்பர் பௌலில், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி மக்வேயின் பாவனைகளுக்கு மயங்காத தடுப்பை வகுத்து வந்தது. ஆறு பேரை முன்வரிசையில் நிறுத்தி ஓட்டத்தை அடைத்தது, பின்னால் பகுதி பிரித்துக் காவல் நின்றது. வானொலித் தொடர்பு அறுந்தபின் காவல்முறையை மாற்றும் தந்திரத்தையும் கையாண்டது என்று பிறகு செய்திகள் வந்தன. ராம்ஸ் எடுத்தது மூன்றே புள்ளி. தன்னை எதிரணிப் பயிற்சியாளர்கள் விஞ்சிவிட்டதாக மக்வே அன்றிரவே ஒப்புக்கொண்டார். இரண்டாண்டு கழித்து வெளியேற்றப்பட்டவர் மக்வே அல்லர், கோஃப். அவரையும் கூடவே இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து மாத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கினார்கள்.

ஸ்டாஃபோர்ட் டெட்ராய்டில் கழித்த பன்னிரண்டு பருவங்களில் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றைக்கூட வென்றதில்லை. மக்வேயிடம் வந்த முதல் பருவத்திலேயே சூப்பர் பௌல் வென்றார். பார்த்தீர்களா, ஆள்தான் முக்கியம் என்றார்கள். டெட்ராய்டில் முதல் ஆண்டு தடுமாறிய கோஃப், 2022-இல் பென் ஜான்சன் திட்டம் வகுக்கத் தொடங்கியதும் நிமிர்ந்தார். 2024 ஜனவரியில், லயன்ஸ் 32 ஆண்டுகளுக்குப் பிறகு வென்ற முதல் பிளேஆஃப் ஆட்டத்தில், 24-23 என்று தோற்ற எதிரணி ராம்ஸ், எதிரே நின்றவர் ஸ்டாஃபோர்ட். டெட்ராய்ட் அரங்கம் கோஃபின் பெயரைச் சொல்லி முழங்கியது. இப்போது ஜான்சனின் அமைப்புதான் காரணம் என்றார்கள்.

பாட்ரிக் மஹோம்ஸ் போன்ற ஒருவர் திட்டம் உடைந்தபின் ஓடியபடியே செய்யும் விந்தைகளை எந்த வரைபடத்தில் சேர்ப்பீர்கள் என்று கேட்கலாம். எதிலும் சேர்க்கமாட்டேன். அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த மஹோம்ஸும் முதல் ஆண்டில் ஸ்மித்துக்குப் பின்னால் ஏறத்தாழ முழுப் பருவமும் உட்கார்ந்து ரீடின் மொழியைக் கற்றவர்தான் என்பதையும், ரீட் அவருடைய அத்துமீறல்களுக்கு இடம்விட்டே திட்டங்களை வரைகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அமைப்பைப் புனிதப்படுத்துவதும் என் நோக்கமல்ல. அமைப்பு ஒரு தீர்ப்பாகவும் இருந்திருக்கிறது. ‘நம் ஆட்டமுறைக்கு இவன் பொருந்தமாட்டான்’ என்ற சொற்றொடரின் முதுகில் ஏறி நிறவெறி வெகுதூரம் பயணம் செய்திருக்கிறது. வாரன் மூன் 1978-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியோடு ரோஸ் பௌல் வென்று அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானவர். கறுப்பினத்தவர். அந்த ஆண்டு டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு ஐந்து கிரே கோப்பைகளைத் தொடர்ந்து வென்றபின் 1984-இல்தான் ஹூஸ்டனில் இடம் கிடைத்தது. 2006-இல் புகழரங்கில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவரே. அங்கே குறையாக இருந்தது அவருடைய கை அல்ல என்பதைக் கனடா ஆறு ஆண்டுகள் நிரூபித்துக்கொண்டிருந்தது.

நாற்பது ஆண்டு கழித்து, 2018-இல், கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்ற லமார் ஜாக்சனைப் பற்றி, அணிகளை உருவாக்குவதில் பெயர்பெற்ற பில் போலியன், அவர் பந்து பிடிப்பவராக மாறிவிடுவது நல்லது என்றார். டிராஃப்டில் ஜாக்சனுக்குக் கிடைத்தது 32-ஆவது இடம். எடுத்த பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரைத் தங்கள் ஆட்டத்துக்கேற்ப வெட்டித் தைக்கவில்லை. 2019-இல் கிரெக் ரோமன் தாக்குதல் பொறுப்பை ஏற்று, ஜாக்சனின் கால்களை மையமாகக்கொண்டு முழு அமைப்பையும் புதிதாக எழுதினார். கார்ட்டருக்கு வால்ஷ் செய்ததும் இதைத்தான். அந்தப் பருவத்தில் ஜாக்சன் 36 டச்டவுன் எறிந்தார், 1206 கெஜம் ஓடினார், ஒரு வாக்குகூடச் சிதறாமல் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ரோமன் விலகி டாட் மங்கன் வேறோர் ஆட்டமுறையோடு வந்த 2023-இலும் அதே விருதை மீண்டும் பெற்றார். போலியன் 2019-லேயே, பழைய மரபான அளவுகோலைக் கொண்டு ஜாக்சனை அளந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஸ்மித்தை அளந்தவர்களில் எவரும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை.